கேம்பர்வெல்: கணக்கில் வராத குழந்தைகள்

இன்னைக்கு நாம போறது 1970-களின் தெற்கு லண்டன், கேம்பர்வெல். மனநல மருத்துவர் லோர்னா விங், உளவியலாளர் ஜூடித் கூல்ட், ரெண்டு பேரும் அங்க ஒரு ஆய்வு செஞ்சாங்க. லோர்னாவின் மகளுக்கே ஆட்டிசம்.

அப்போ ஆட்டிசம்னா, 1943-ல் லியோ கானர் 11 குழந்தைகளை வைத்து எழுதிய விவரிப்புதான். அதுக்குப் பொருந்தலைன்னா பெயர் கிடைக்காது. பெயர் இல்லாம உதவி கிடைக்கிறதும் கஷ்டம். நம்ம பாஷையில, ஃபில்டர் ரொம்ப டைட்!

இவங்க தலைகீழா ஆரம்பிச்சாங்க. ஏற்கெனவே ஆட்டிசம்னு முத்திரை விழுந்த பிள்ளைகளை மட்டும் தேடல. அந்த வட்டாரத்தில் சிறப்பு உதவி தேவைப்பட்ட, 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் எல்லாரையும் கணக்கில் எடுத்தாங்க. ஒதுங்கியே இருக்கிற பிள்ளையை யாரும் கண்டுபிடிச்சிடலாம். ஆனா யார் கூப்பிட்டாலும் பேசாம கூடவே போற பிள்ளை? தானே வந்து, கேட்கிறவர் முகத்தைக் கவனிக்காம ஒரே விஷயத்தைப் பேசிட்டே இருக்கிற பிள்ளை? அவங்களும் இதில் சேர்த்தின்னு இவங்க சொன்னாங்க.

1979-ல் முடிவு வெளியானது. கானர் விவரிப்புக்குப் பொருந்தியவர்கள் 10,000-க்கு சுமார் 5 பேர். அவங்களையும் சேர்த்து, பழகுதல், தொடர்பாடல், கற்பனை மூன்றிலும் சிரமப்பட்டவர்கள் சுமார் 21.

பின்னாடி இருவரும் பெற்றோரிடம் கேட்கும் நீண்ட நேர்காணல் ஒன்றை உருவாக்கினாங்க. பெயர் 'டிஸ்கோ'. சிரிக்காதீங்க. குழந்தைக்கு என்ன வரும், எதுக்குத் துணை வேணும்னு அது விசாரிக்கும்.