ஊதா ரிப்பனில் ஓர் எலும்பு

மும்பை மாட்டுங்காவில் காபியோடு வரும் டபராவின் அடிவட்டம்கூட இந்தப் பதக்கத்தைவிடப் பெரியது. குறுக்களவு 35 மில்லிமீட்டர். வெண்கலம். நடுவில் சாரநாத் சிங்கங்கள், சுற்றிலும் நான்கு வஜ்ராயுதங்கள், மேலே 32 மில்லிமீட்டர் அகலத்தில் ஊதா ரிப்பன். பழைய பாத்திரக் கடைத் தராசில் போட்டால் ஒரு வேளைச் சாப்பாட்டுக்குத் தேறாது. போர்க்கள வீரத்துக்கு இந்தியா தரும் மிக உயர்ந்த விருதான பரம்வீர் சக்ரா இவ்வளவுதான். அதில் ஒன்று, மாட்டுங்காவில் படித்த ஒரு தமிழருக்குக் கிடைத்தது. கிடைத்தபோது அவர் இல்லை.

இந்தப் பதக்கத்தின் பூர்வீகத்தைத் துருவினால் ஒரு முதுகெலும்பில் போய் நிற்கும். விருத்திராசுரனை வீழ்த்த ஆயுதம் வேண்டும் என்று தேவர்கள் வந்து நின்றபோது, ததீசி முனிவர் உயிரை விட்டுத் தன் எலும்பைக் கொடுத்தார்; அதுவே இந்திரனின் வஜ்ரம் ஆயிற்று. இந்தக் கதையைப் பதக்கமாக வரைந்தவர் சுவிட்சர்லாந்தின் நூஷாடெல் நகரில் 1913இல் பிறந்த பெண். தந்தை ஹங்கேரியர், தாய் ரஷ்யர். மராட்டிய ராணுவ அதிகாரி விக்ரம் கானோல்கரை மணந்து சாவித்திரி கானோல்கர் ஆனார். சமஸ்கிருதம் படித்தார், புராணங்களைக் கரைத்துக் குடித்தார். விருதை உருவாக்கும் பொறுப்பில் இருந்த மேஜர் ஜெனரல் ஹீராலால் அடல் வடிவமைப்பு வேலையை அவரிடம்தான் ஒப்படைத்தார். உள்ளூர்க்காரர் யாரிடமாவது கேட்டிருந்தால் யானையும் மயிலும் வந்திருக்கும் என்பது என் சந்தேகம். கொடுப்பவனுக்குத் தன் உடம்பைத் தவிர வேறு எதுவும் மிஞ்சாத ஒரு கதையை அவர் எடுத்தார்.

விருது 1950 ஜனவரி 26இல் ஏற்படுத்தப்பட்டு, 1947 ஆகஸ்ட் 15 முதல் முன்தேதியிட்டு அமலானது. முதலாவது, காஷ்மீரின் பட்காமில் 1947 நவம்பர் 3இல் இறந்த மேஜர் சோம்நாத் சர்மாவுக்கு. அவருடைய தம்பிதான் சாவித்திரியின் மருமகன். வரைந்தவரின் சம்பந்தி வீட்டுக்கே முதல் பதக்கம் போனது. கல்கத்தா அலிப்பூர் நாணயச் சாலையில் வார்க்கப்படும் இந்த வெண்கலம் இதுவரை 21 பேருக்கு வழங்கப்பட்டிருக்கிறது; 14 பேர் அதைப் பார்க்கவில்லை. மார்பில் குத்துவதற்காகச் செய்த பதக்கம், பெரும்பாலும் வீட்டார் கைக்குத்தான் வந்து சேர்கிறது.

அந்த மாட்டுங்காத் தமிழர், மேஜர் ராமசாமி பரமேஸ்வரன், 1946 செப்டம்பர் 13இல் பம்பாயில் பிறந்தார். 1932இல் தொடங்கிய தென்னிந்தியக் கல்விச் சங்கத்தின் மாட்டுங்கா பள்ளியில் படித்தார். அதே சங்கத்தின் சயான் கல்லூரியில் 1968இல் அறிவியல் பட்டம். அந்தக் காலத்து மாட்டுங்கா பையனுக்கு அடுத்த படிகள் ஏற்கெனவே எழுதி வைத்தவை: டைப்பிங், ஷார்ட்ஹேண்ட், வங்கி அல்லது ரயில்வே, பிறகு செம்பூரில் ஒரு ஃபிளாட். இவர் 1971இல் சென்னை பரங்கிமலையில் இருந்த அதிகாரிகள் பயிற்சிப் பள்ளிக்குப் போனார். 1972 ஜூன் 16இல் மஹர் ரெஜிமென்ட்டில் அதிகாரியானார்.

மஹர் ரெஜிமென்ட்டின் சின்னத்துக்கும் ஒரு கதை உண்டு. 1941இல் பெல்காமில் இந்தப் படைப்பிரிவு உருவாவதற்கு வாதாடியவர்களில் முதன்மையானவர் அம்பேத்கர். மாட்டுங்காவிலிருந்து நடந்தே போய்விடலாம், தாதரில் இருக்கும் அவர் வீட்டுக்கு. படையின் தொடக்ககாலச் சின்னத்தில் கோரேகாவ் நினைவுத்தூண் இருந்தது. அங்கே நடந்த 1818 போரில் இறந்தவர்களின் பெயர்களைப் பொறித்த தூண் அது; அவர்களில் 22 பேர் மஹர் வீரர்கள். சிப்பாய்கள் ஒரு நடுகல்லையே தொப்பியில் சுமந்தார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. பிற்பாடு தூண் போய்க் குறுவாள் வந்தது.

1987 ஜூலையில் இந்திய - இலங்கை ஒப்பந்தம். அமைதி காக்கப் போன படை அக்டோபரில் புலிகளோடு போரில் இறங்கியது. நவம்பர் 25 இரவு, யாழ்ப்பாணம் உடுவிலை அடுத்த கந்தரோடைப் பகுதியில் தேடுதலை முடித்துத் திரும்பிய பரமேஸ்வரனின் அணி பதுங்கித் தாக்கப்பட்டது. அவர் சுற்றி வந்து பின்புறமிருந்து பாய்ந்தார். கைகலப்பில் ஒருவர் அவர் மார்பில் சுட்டார். அந்தத் துப்பாக்கியையே பிடுங்கி அவரைச் சுட்டு வீழ்த்தினார். மூச்சு நிற்கும்வரை உத்தரவு கொடுத்துக்கொண்டிருந்தார். எதிர்த்தரப்பில் ஐந்து பேர் இறந்ததாக விருதுக் குறிப்பு சொல்கிறது. இந்திய அமைதிப் படையில் பரம்வீர் சக்ரா பெற்றவர் இவர் ஒருவரே. விருது வந்த 1988இல் குடியரசுத் தலைவர் பட்டுக்கோட்டைப் பக்கத்து ராஜாமடத்துக்காரரான ஆர். வெங்கட்ராமன்.

தமிழர், தமிழ் மண்ணில், தமிழர் கையால். இந்த இடத்தில் தமிழில் எழுதுகிறவன் பேனா தயங்கும். பரமேஸ்வரன் விழுவதற்கு ஒரு மாதம் முன்பு, அக்டோபர் 21, 22 தேதிகளில், யாழ்ப்பாணம் மருத்துவமனைக்குள் இந்தியப் படை சுட்டதில் மருத்துவர்களும் செவிலியர்களும் நோயாளிகளும் இறந்தார்கள். அதை விட்டுவிட்டு இதை மட்டும் சொல்ல முடியாது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பறிகொடுத்துவிட்டு அமைதிப் படை 1990 மார்ச்சில் சென்னையில் வந்து இறங்கியபோது, முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. அரசாங்கம் அனுப்பியதற்கும் படை செய்ததற்கும் இறந்துபோன சிப்பாய் எவ்வளவு பொறுப்பு என்ற கேள்வியை அன்று யாரும் நிதானமாகக் கேட்கவில்லை.

நம் பழைய வழக்கத்தில் இந்தச் சிக்கலுக்கு ஓர் இடம் இருந்தது. ஆநிரை கவரப் போனவனுக்கும் கல் நட்டார்கள், மீட்கப் போனவனுக்கும் நட்டார்கள். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் கிடைத்த தமிழி எழுத்து நடுகல்லும் ஓர் ஆகோள் பூசலில் செத்தவனுடையதுதான். கல்வெட்டுகள் பெயரைச் சொல்லி, சண்டையைச் சொல்லி, ‘பட்டான்’ என்று முடித்துக்கொள்ளும். யார் பக்கம் நியாயம் என்ற தீர்ப்பை அந்தக் கல் சுமப்பதில்லை.

பதக்கத்துக்கு அந்த வசதி கிடையாது. ஓர் அரசு கொடுத்தது அது. தொங்கவிட்ட கம்பி சுழலும்படி செய்திருப்பதால் பின்பக்கத்தையும் திருப்பிப் பார்க்கலாம்: இரண்டு தாமரை, இந்தியிலும் ஆங்கிலத்திலும் விருதின் பெயர். பதக்கம் கொண்டுவந்த புகழ் எங்கெங்கோ போயிற்று. அவர் பயிற்சி பெற்ற பரங்கிமலையில் அணிவகுப்புத் திடலுக்கு அவர் பெயர். புதிய அதிகாரிகள் அந்தத் தரையில் பூட்ஸ் அதிர நடந்துதான் பட்டாளத்துக்குள் போகிறார்கள். டெல்லியில் 2019இல் திறந்த தேசியப் போர் நினைவகத்தில் மார்பளவுச் சிலை. 2023 ஜனவரி 23இல் அந்தமானில் ஒரு தீவு. கொழும்பை அடுத்த கோட்டேயில், இலங்கை நாடாளுமன்றத்துக்கு அருகிலேயே, அமைதிப் படையினரின் பெயர்கள் பொறித்த கல் நிற்கிறது.

நவம்பர் 27இல் யாழ்ப்பாணத்தில், புலிகள் தரப்பில் இறந்தவர்களை நினைக்கும் மாவீரர் நாள். கோப்பாய் துயிலும் இல்லத்தின் கல்லறைகளைப் போர் முடிந்தபின் இலங்கை ராணுவம் இடித்துத் தன் முகாமை அங்கே போட்டது. தாய்மார்கள் வெளியே விளக்கேற்றுகிறார்கள். பரமேஸ்வரன் இறந்த நாளுக்கும் அதற்கும் இடையில் ஒரே ஒரு நாள். இரண்டும் கார்த்திகையில் வருகின்றன. மாட்டுங்காவில் தமிழ் வீடுகளின் வாசலில் அகல் வரிசை வைக்கிற மாதமும் அதுதான்.