மேனி நிறமும் சாயத்தின் திறமும்

பகாங் மாநிலத்தின் வடமேற்கு மூலையில் ஓங்கி நிற்கும் கேமரன் மலைத்தொடரில், ரிங்லெட் சிற்றூரை அடுத்துக் கிடப்பது லெம்பா பெர்த்தாம். ‘லெம்பா’ என்பது பள்ளத்தாக்கைக் குறிக்கும் மலாய்ச்சொல். ‘பெர்த்தாம்’ என்பது மலாயாக் காடுகளில் வளரும் பனையினம் ஒன்றின் பெயர். பனையின் பெயரைத் தாங்கிய அப்பள்ளத்தாக்கைச் சூழ்ந்த சரிவுகளில் நம் முன்னோர் தேயிலை நட்டனர், கொழுந்து பறித்தனர், பிள்ளைகளை வளர்த்தனர். இன்று அம்மலைத் தோட்டங்களில் வங்காளதேசத்தாரும் நேப்பாளத்தாரும் இந்தோனேசியரும் மிகுதியாக உழைக்கின்றனர். ஆயினும் அம்மண்ணின் வரலாற்றைப் பேசத் தொடங்கினால், கொழுந்துக் கூடையைச் சுமந்த தமிழ்ப் பெண்ணின் உருவமே முதலில் கண்முன் தோன்றும்.

தேயிலையை வெறுங்கையால் பறிப்பவர் விரல்களில் ஒரு கறை படியும். இலையின் சாறு காற்றுப்பட்டுப் பழுப்பாகித் தோலில் ஊறிவிடும். பச்சையாகத் தொழிற்சாலைக்குள் நுழையும் கொழுந்து, வாடி, உருண்டு, காற்றோடு கலந்து கருந்தேயிலையாக வெளிவருவதும் அத்தகைய மாற்றத்தாலேயாம். சாயம் எவ்வளவு ஏறவேண்டும், எப்போது நிறுத்தவேண்டும் என்பதை அறிவதே தேயிலைத் தொழிலின் நுட்பம். கூடினால் கசக்கும், குறைந்தால் சுவையிராது.

மனிதத் தோலுக்குச் சாயம் ஏற்றும் தொழிலும் இதே நுட்பத்தில் தங்கியிருக்கிறது. ‘ஸ்பிரே டான்’ என வழங்கும் நிறத் தெளிப்பு இன்று உலக நகரங்கள் பலவற்றில் பெருவணிகம். எந்த நிறத்தோலுக்கு எவ்வளவு திறமுள்ள சாயம் பொருந்தும் என்பது அத்தொழிலாளர் நாள்தோறும் விடுக்கும் வினா. கேட்பதற்கு எளிய இவ்வினாவின் பின்னே நீண்டதொரு வரலாறு மறைந்துள்ளது. அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தமிழர் கண்ட நிறங்கள்

மேனியின் நிறத்தை நுணுகி நோக்கியவர் தமிழர். சங்கப் புலவர் தலைவியின் அழகைப் பாடுங்கால் ‘மாமை’ என்னும் சொல்லைப் பெரிதும் ஆண்டனர். மாந்தளிரை ஒத்த பொலிவு அது. பிரிவுத்துயரால் அப்பொலிவு மங்கி மேனி வெளிறுதலைப் ‘பசலை’ என்றனர். திருவள்ளுவரும் ‘பசப்புறு பருவரல்’ என ஓர் அதிகாரமே வகுத்தார். இங்கு ஒன்றை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். வெளிறிய நிறம் அவ்விலக்கியத்தில் நோயின் அறிகுறி. மாந்தளிர் நிறமே நலத்தின் அறிகுறி. முல்லை நிலத்தின் தெய்வமாகிய மாயோனும் கரிய மேனியனே.

மேனிக்கு நிறமூட்டும் கலையையும் அவர்கள் அறிந்திருந்தனர். தோளிலும் மார்பிலும் தொய்யில் எழுதினர்; அடிகளில் செம்பஞ்சுக் குழம்பு தீட்டினர்; சந்தனமும் மஞ்சளும் பூசினர். மருதாணியோ நம் வீடுகளில் இன்றும் வாழ்கிறது. ஒரே விழுது ஒருத்தி கையில் செக்கச்செவேலெனப் பற்றும். இன்னொருத்தி கையில் மங்கலாக நிற்கும். எவ்வளவு நேரம் வைத்திருப்பது, யார் கைக்கு எவ்வளவு பிடிக்கும் என்பதை ஒவ்வொரு பாட்டியும் அறிவாள். சாயத்தின் திறம் ஒரு பாதி. ஏற்கும் தோலின் இயல்பு மறுபாதி என்ற உண்மையை அவள் எந்நூலையும் கற்காமலே உணர்ந்திருந்தாள்.

வெயிலுக்கு அஞ்சியோரும் வெயிலை நாடியோரும்

ஐரோப்பாவிலோ நிலைமை வேறு. வயலில் உழைப்பவன் வெயிலில் கறுத்தான். மாளிகையில் வாழ்ந்தவன் வெளுத்திருந்தான். ஆதலின் வெண்மை செல்வத்தின் அடையாளமாயிற்று. ஈய வெள்ளையை முகத்தில் பூசி நோயுற்ற சீமாட்டிகள் பலர். தொழிற்புரட்சிக்குப் பின் உழைப்பாளர் ஆலைகளுக்குள்ளும் சுரங்கங்களுக்குள்ளும் அடைபட்டனர்; அவர் முகம் வெளிறியது. கடற்கரையில் ஓய்ந்து கிடக்கச் செல்வர்க்கு மட்டுமே பொழுதிருந்தது. கதிரொளி நோய் தீர்க்கும் என்பதனைக் காட்டிய டென்மார்க் மருத்துவர் நீல்ஸ் ஃபின்சன் 1903இல் நோபல் பரிசு பெற்றார். 1920களில் பிரெஞ்சு ஆடைக்கலைஞர் கோகோ ஷனெல் வெயிலில் பழுத்த மேனியோடு திரும்பியதும் அதுவே நாகரிகமாயிற்று என்பர். நிறம் மாறியது, ஓய்வுடையோன் நிறமே உயர்ந்தது என்னும் கணக்கு மட்டும் மாறவில்லை.

இனி மலாயாவுக்கு வருவோம். கேமரன் மலையை 1885இல் நில அளவையாளர் வில்லியம் கேமரன் கண்டறிந்து எழுதினார். சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் அங்குச் சென்று பார்த்தபின், 1925 முதல் அதனை மலைவாசத் தலமாக்கும் எண்ணம் வலுப்பெற்றது. 1929இல் ஜே. ஏ. ரசல் போ தேயிலைத் தோட்டத்தை நிறுவினார். 1933இல் இந்தியர் முயற்சியில் பாரத் தோட்டம் எழுந்தது. வெப்பமண்டல வெயில் வெள்ளையரின் நரம்புகளையே அழித்துவிடும் என்னும் அச்சம் அக்காலத்தில் பரவியிருந்தது. அமெரிக்க இராணுவ மருத்துவர் சார்ல்ஸ் உட்ரஃப் 1905இல் அதற்கென ஒரு நூலே எழுதினார். நெட்டித் தொப்பி அணியாமல் வெளியே செல்லத் துரைமார் அஞ்சினர்.

இதிலுள்ள முரணை நோக்குக. ஐரோப்பியச் செல்வர் தம் நாட்டுக் கடற்கரையில் வெயிலைத் தேடிப் படுத்த அதே பத்தாண்டில், அவர்தம் உறவினர் மலாயாவில் வெயிலுக்கு அஞ்சி மலையேறினர். அவர்கள் குளிர்காய்ந்த அதே சரிவில், தலைக்குத் துண்டும் இடுப்பிற்குச் சாக்குமாக நம்மவர் நாள் முழுவதும் வெயிலில் நின்றனர். மலை குளிர்ந்தது என்பதால் வெயில் தணிந்ததாகக் கருதுதல் பிழை. ஆயிரம் மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ 10 விழுக்காடு வீதம் புற ஊதாக் கதிரின் வன்மை கூடுகிறது. குளிர்காற்றில் சூடு உறைப்பதில்லை. தோல் மட்டும் கறுக்கிறது. உழைப்பு எழுதிய அந்த நிறத்தை எவரும் நாகரிகம் எனப் போற்றவில்லை.

இரண்டாம் உலகப்போரின்போது மற்றொரு வியப்பு நிகழ்ந்தது. காலுறைக்குத் தட்டுப்பாடு நேர்ந்த பிரிட்டனில் பெண்கள் பலர் குழம்புக்கு நிறமூட்டும் பொருளையும் தேயிலைச் சாயத்தையும் கால்களில் பூசிக் காலுறை அணிந்தாற்போல் தோன்றினர். தோட்டப் பெண்ணின் விரலில் கறையாக இருந்தது சீமைப் பெண்ணின் காலில் ஒப்பனையாயிற்று.

கார்போகரிசி தந்த அளவுகோல்

தோலின் நிறத்தை அளக்க முனைந்தோருள் ஒருவர் ஃபெலிக்ஸ் ஃபான் லூஷான். இவர் 36 வண்ணக் கண்ணாடி வில்லைகளை ஆக்கி, அவற்றை மனிதர் தோலருகே வைத்து எண் கொடுத்தார். 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மனிதரை இனம் பிரிக்க அவ்வில்லைகள் பயன்பட்டன. அளக்கப்பட்டவனை எவரும் ஒரு சொல் கேட்டதில்லை. ஒரே மனிதனுக்கு இருவர் இருவேறு எண் கொடுத்ததும் உண்டு. நாளடைவில் அம்முறை கைவிடப்பட்டது.

இரண்டாவது அளவுகோலின் வேர் நம் மருத்துவத்தோடு தொடர்புடையது. சித்த மருத்துவர் வெண்புள்ளிக்கும் பிற தோல்நோய்க்கும் கார்போகரிசியைப் பயன்படுத்தினர். அவ்விதையிலுள்ள சோராலென் என்னும் பொருள் தோலை ஒளிக்கு நெகிழச் செய்யும் இயல்புடையது. எகிப்திலும் வேறொரு செடியைக் கொண்டு இதே மருத்துவம் வழங்கியது. 1974இல் அமெரிக்க மருத்துவர்கள் சோராலெனையும் புற ஊதாக் கதிரையும் இணைத்துச் செதிலுதிர் நோய்க்குச் சிகிச்சை அளித்தனர். அப்போதுதான் அளவுச் சிக்கல் எழுந்தது. முடியின் நிறத்தையும் கண்ணின் நிறத்தையும் பார்த்துக் கதிரின் அளவை முடிவு செய்தபோது சிலருக்குத் தோல் வெந்துவிட்டது.

இதனைக் கண்ட தாமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக் 1975இல் வேறு வழியை மேற்கொண்டார். கோடையின் முதல் வெயிலில் நின்றால் உமக்குத் தோல் எரியுமா, கறுக்குமா என்று நோயாளியையே வினவினார். விடையைக் கொண்டு நால்வகை கண்டார். பார்த்து முடிவு செய்வதினும் கேட்டு முடிவு செய்வது மேல் என்பதே அம்முறையின் உயிர். எனினும் ஒரு குறை இருந்தது. அந்நால்வகையும் வெள்ளைத் தோலினர்க்கே உரியன. பழுப்பு நிறத்தார்க்கு ஐந்தாம் வகையும் கருநிறத்தார்க்கு ஆறாம் வகையும் பின்னரே ஒட்டப்பட்டன. உலக மக்களுட் பெரும்பாலோர் பின்னிணைப்பாயினர். இக்குறையை நீக்கும் முயற்சிகள் இன்றும் தொடர்கின்றன. ஹார்வர்டு பல்கலைக்கழகச் சமூகவியலார் எல்லிஸ் மங்க் வகுத்த பத்துநிலை நிற அளவை 2022இல் கூகுள் நிறுவனம் வெளியிட்டது.

எத்தோலுக்கு எத்திறம்?

இன்றைய நிறத் தெளிப்பின் மூலப்பொருள் டைஹைட்ராக்சி அசிட்டோன் என்னும் ஒருவகைச் சர்க்கரை. செம்பனை முதலிய எண்ணெய்களிலிருந்து கிட்டும் கிளிசரினை நுண்ணுயிர்களைக் கொண்டு நொதிக்கச்செய்து இதனை ஆக்குவர். 1950களில் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் ஈவா விட்கென்ஸ்டைன் என்னும் மருத்துவ ஆய்வாளர் அரியதொரு நோயுற்ற குழந்தைகளுக்கு இதனை வாய்வழி கொடுத்து வந்தார். மருந்து சிந்திய இடத்தில் தோல் பழுப்பாவதைக் கண்டு, தம் தோலிலேயே தடவி ஆராய்ந்தார். 1960இல் அம்முடிவு அச்சேறியது. அதே ஆண்டில் கடைகளில் பூச்சுகள் வந்தன. 1990களின் இறுதியில் தெளிப்புக் கூண்டுகள் தோன்றின.

இச்சர்க்கரை தோலின் மேற்புறத்து இறந்த அடுக்கிலுள்ள புரதக்கூறுகளோடு கூடிப் பழுப்பு நிறம் தருகிறது. 1912இல் பிரெஞ்சு அறிஞர் மயார் விளக்கிய வினை இதுவே. ரொட்டி வாட்டும்போது சிவப்பதும் இதனாலேயே. அவ்வடுக்கு உதிர உதிர ஒரு வாரத்தில் நிறமும் நீங்கும். வெயிலிலிருந்து காக்கும் ஆற்றல் இதற்கில்லை எனலாம்.

திறத்தைத் தேர்வதில் தொழிலாளர் கைக்கொள்ளும் வழக்கம் வருமாறு: வெயிலில் எளிதில் எரியும் வெளிர்தோலுக்கு 6 முதல் 8 விழுக்காடு; நடுத்தர நிறத்துக்கு 8 முதல் 10; மாநிறத்துக்கு 10 முதல் 12; அதனினும் ஆழ்ந்த நிறத்துக்கு 12 முதல் 14. வெளிர்தோலில் வன்சாயம் இட்டால் ஆரஞ்சுப் பழம்போல் பல்லிளிக்கும்; கருந்தோலில் மென்சாயம் இட்டால் இட்டதே தெரியாது. முழங்கையும் முழங்காலும் தோல் தடித்த இடங்களாதலின் கூடுதலாகப் பற்றும். அங்குக் குறைவாகவே இடல்வேண்டும். முன்கையின் உட்புறத்தில் சிறிது தடவி ஒருநாள் காத்திருந்து பார்ப்பது அறிவுடைமை. கண், உதடு, மூச்சு ஆகியவற்றைத் தெளிப்பிலிருந்து காத்தல் இன்றியமையாதது.

‘கருநிறத்தார்க்கு இச்சாயம் எதற்கு?’ என மாணவர் வினவக்கூடும். வெண்புள்ளி உடையோரை எண்ணுக. கரிய மேனியில் வெண்புள்ளி விலகித் தெரியும். தொற்றாத அதனைத் தொழுநோயோடு குழப்பி மணத்தையும் வாழ்வையும் மறுத்த கொடுமை நம் சமூகத்தில் நெடுங்காலம் இருந்தது. அப்புள்ளிகளைச் சுற்றியுள்ள நிறத்தோடு ஒப்பச் செய்ய இச்சாயம் உதவுகிறது. அங்கே திறத்தைத் தேர்வது அழகுப் பொழுதுபோக்காக நிற்பதில்லை. ஒரு பெண் தலைநிமிர்ந்து வெளியே செல்வாளா என்பதே அதைப் பொறுத்து அமையும்.

வெளுப்பின் விலை

வெள்ளையர் கறுக்கச் சாயம் தேட, நம்மவர் வெளுக்கக் களிம்பு தேடினர். ‘ஃபேர் அண்ட் லவ்லி’ என்னும் களிம்பு 1975இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. ஃபிட்ஸ்பாட்ரிக் தம் நால்வகையை வகுத்த ஆண்டும் அதுவே என்பது குறிப்பிடத்தக்கது. 2020இல் அக்களிம்பின் பெயரிலிருந்து வெண்மையைக் குறிக்கும் சொல் நீக்கப்பட்டது.

பெயரறியாக் கடைச்சரக்குகளோ பேரிடர் தருவன. பாதரசம் கலந்த களிம்புகள் நிறமியைத் தடுப்பதோடு சிறுநீரகத்தையும் நரம்பையும் கெடுக்கும். மினமாத்தா உடன்படிக்கை 2020ஐ எல்லையாக வைத்து இத்தகைய ஒப்பனைப் பொருள்களுக்குத் தடை விதித்தது. மலேசியச் சுகாதார அமைச்சும் பாதரசம் முதலிய நச்சுப்பொருள் கண்ட களிம்புகளின் பெயர்களை அவ்வப்போது வெளியிட்டு மக்களை எச்சரித்து வருகிறது. ஆயினும் வாங்குவோர் குறைந்தபாடில்லை. களிம்பை விற்பவன் முதலில் விற்பது களிம்பையன்று. ‘உன் நிறம் பிழை’ என்னும் எண்ணத்தையே விற்கிறான்.

முடிவுரை

எல்லா இனத்தார் தோலிலும் நிறமி சுரக்கும் உயிரணுக்களின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றே. அவை ஆக்கும் நிறமியின் அளவும் வகையுமே வேறுபடுகின்றன. கருநிறமி வெயிலைத் தாங்கும் கவசம். லெம்பா பெர்த்தாம் சரிவுகளில் தலைமுறை தலைமுறையாக நின்றவர்க்குத் துரைமாரின் நெட்டித் தொப்பி கிட்டவில்லை. இயற்கை தந்த அக்கவசமே துணைநின்றது.

வகுப்பறையில் ஒரு குழந்தையை அதன் நிறத்தைச் சொல்லி அழைக்கும் வழக்கம் நம்மிடையே இன்னும் முற்றாக மறையவில்லை. நாடகத்தில் அரசிக்கு ஒரு நிறமும் ஏவற்பெண்ணுக்கு மற்றொரு நிறமும் தேடும் கண்களும் உள்ளன. மாமையைப் பாடமாக நடத்தும் ஆசிரியர், அச்சொல்லின் பொருளை முன்வரிசை முதல் கடைசி வரிசைவரை இருக்கும் முகங்களிலேயே காட்டலாம். எந்தத் தோலுக்கு எந்தத் திறம் என்னும் வினாவுக்கு வரலாறு தரும் விடை, அத்தோலையே கேள் என்பதாம். கண்ணாடி வில்லையை வைத்து அளந்தவர் பிழைபட்டனர். கேட்டு அறிந்தவர் ஓரளவு தேறினர். மருதாணி இடுமுன் பேத்தியின் கையைத் தன் கையில் ஏந்திப் பார்த்த பாட்டியோ தொடக்கத்திலேயே சரியாக இருந்தாள்.