மடத்து எழுத்தறையும் மன்னர் அவையும்: ரோமுக்குப் பிந்தைய ஐரோப்பாவின் உருவாக்கம்

கி.பி. 476இல் ஜெர்மானியப் படைத்தலைவர் ஓடோவேக்கர், ரோமுலஸ் அகஸ்டுலஸ் என்ற இளம் பேரரசரைப் பதவியிலிருந்து இறக்கினார். மேற்கு ரோமப் பேரரசின் முடிவாகப் பாடநூல்கள் குறிக்கும் ஆண்டு இது. ஆனாலும் இத்தாலியில் பழைய நிர்வாகம் தொடர்ந்து நடந்தது. செனட் சபை கூடியது, வரி தண்டப்பட்டது. 493 முதல் 526 வரை ராவென்னாவிலிருந்து ஆண்ட கோத்திய மன்னர் தியடோரிக், காசியோடோரஸ் போன்ற ரோம அறிஞர்களையே உயர் பதவிகளில் அமர்த்தினார்.

பெரும் முறிவு ஆறாம் நூற்றாண்டில்தான் நேர்ந்தது. இத்தாலியை மீட்கக் கிழக்குப் பேரரசர் ஜஸ்டினியன் 535இல் தொடங்கிய போர் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நீடித்தது. 537 முற்றுகையின்போது ரோமுக்கு நீர் கொண்டுவந்த கால்வாய்களைக் கோத்தியர் துண்டித்தனர். 541இல் எகிப்தில் தலைகாட்டிய கொள்ளைநோய் மத்தியதரைக் கடலோர நாடுகளைச் சூறையாடியது. 568இல் லொம்பார்டியர் படையெடுத்தனர். நகரங்கள் சுருங்க, அவற்றை நம்பியிருந்த பள்ளிகளும் மறைந்தன.

கல்வி துறவு மடங்களில் அடைக்கலம் புகுந்தது. 529 வாக்கில் மொண்டே காசினோவில் மடம் நிறுவிய பெனடிக்ட், தம் விதிநூலில் உடலுழைப்போடு அன்றாட வாசிப்பையும் கடமையாக்கினார். வாசிக்க நூல் வேண்டும். நூலுக்குப் படியெடுப்போர் வேண்டும். அரசுப் பணியைத் துறந்த காசியோடோரஸ், தென்னித்தாலியில் தாம் நிறுவிய விவாரியம் மடத்தில் நூல்களைப் படியெடுப்பதையே இறைப்பணியாகப் போற்றினார்.

எழுத்தறிந்தோரின் துணை புதிய மன்னர்களுக்கும் தேவைப்பட்டது. ஃபிராங்கிய மன்னர் குளோவிஸ் ரெய்ம்ஸ் ஆயரிடம் ஞானஸ்நானம் பெற்றார். அவருடைய மக்களின் வழக்காறுகள் இலத்தீனில் சாலிக் சட்டமாகத் தொகுக்கப்பட்டன. 597இல் போப் கிரெகோரி அனுப்பிய அகஸ்டின் இங்கிலாந்தின் கென்ட் நாட்டில் இறங்கினார். அங்கே மதம் மாறிய மன்னர் எதெல்பெர்ட்டின் சட்டங்களோ, மக்கள் பேசிய பழைய ஆங்கிலத்திலேயே எழுதப்பட்டன.

அடுத்த நூற்றாண்டிலேயே அந்த விதை வடக்கே விளைந்தது. வேர்மவுத்-ஜாரோ மடத்துத் துறவிகள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தோல் ஏடுகளில் முழு விவிலியத்தையும் படியெடுத்தனர். 716இல் மடாதிபதி கியோல்ஃப்ரித் அதைப் போப்புக்குக் காணிக்கையாக்கப் புறப்பட்டு, வழியிலேயே இறந்தார். அந்தப் பிரதி இன்று ஃபிளாரன்ஸ் நகரில் உள்ளது. அதே மடத்தின் பீட், 731இல் ஆங்கிலேயத் திருச்சபை வரலாற்றை முடித்தார்.

மடமும் அரசவையும் முழுமையாகக் கைகோத்தது ஃபிராங்கிய மன்னர் சார்லமேன் காலத்தில். 781இல் பார்மாவில் சந்தித்த யார்க் நகர அறிஞர் அல்குயினை அவர் தம் அவைக்கு அழைத்துக்கொண்டார். மடங்களிலும் ஆயர் ஆலயங்களிலும் சிறுவர்களுக்குப் பள்ளி அமைக்க 789இல் ஆணையிட்டார். வட்டாரத்துக்கு வட்டாரம் வேறுபட்ட கையெழுத்துகளின் இடத்தில், தெளிவான கரோலிங்கிய எழுத்து பரவியது. விளைவை எண்ணிக்கையே காட்டும்: 800க்கு முற்பட்ட இலத்தீன் கைப்பிரதிகளில், துண்டுகளையும் சேர்த்து, சுமார் 2,000 மட்டுமே எஞ்சியுள்ளன, ஒன்பதாம் நூற்றாண்டில் எழுதப்பட்டவையோ சுமார் 7,000. சீசரின் காலியப் போர் நூலுக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய பிரதிகளும் அந்த நூற்றாண்டினவே.

843 வெர்துன் உடன்படிக்கை சார்லமேனின் பேரரசை அவருடைய பேரர்கள் மூவருக்குப் பங்கிட்டது. எழுத்து மரபு அந்தப் பிரிவினையையும் தாண்டி நின்றது. பதினைந்தாம் நூற்றாண்டு இத்தாலிய அறிஞர்கள் கரோலிங்கிய எழுத்தைப் பழைய ரோமர் கையெழுத்தென்றே எண்ணிப் பின்பற்றினர்; அவர்கள் கையிலிருந்து அது அச்சுக்கூடத்துக்குப் போனது. இன்றைய ஆங்கில நூல்களின் சிற்றெழுத்துகள் அந்த வழி வந்தவையே.