கதை வகுப்பும் இலக்கிய வட்டமும்

மலாயாத் தமிழ்ச் சிறுகதையின் வளர்ச்சியை ஆராய்வோர் 1950ஆம் ஆண்டை மறத்தலாகாது. போரின் வடு முற்றும் ஆறாத அந்நாளில், 1924இல் தோன்றிய 'தமிழ் நேசன்' இதழ் 'கதை வகுப்பு' என்னும் பகுதியைத் தொடங்கிற்று. சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் அதனை நடத்தினர். எழுதும் வேட்கை இருந்தும் வழிகாட்டுவார் இன்றித் தவித்த இளைஞர்க்கு, கதைக்குக் கருவும் உருவும் எவ்வாறு பொருந்த வேண்டும் என்பதை நாளேடே கற்பித்தது.

பின்னர், தமிழகத்தின் சிறந்த சிறுகதையாசிரியர் கு. அழகிரிசாமி கோலாலம்பூருக்கு வந்து அவ்விதழின் ஆசிரியப் பொறுப்பை ஏற்றார். எழுத்தாளர்களை 'இலக்கிய வட்டம்' என ஒருங்கு கூட்டி, கதைகளின் நிறைகுறைகளை ஆராயச் செய்தார். வகுப்பு எழுதக் கற்பித்தது. வட்டமோ எழுதியதைப் பிறர் கண்கொண்டு நோக்கக் கற்பித்தது. இரண்டாவதே கடினமான பாடம். பாராட்டை விரும்பும் உள்ளம் திருத்தத்தை எளிதில் ஏற்பதில்லை. ஆயினும், திருத்தத்தை ஏற்ற எழுத்தே வளர்கிறது.

'தமிழ் நேசன்' 2019இல் நின்றுபோயிற்று. ஏடு நிற்கலாம், தம் படைப்பை நண்பர்முன் வைத்து, குறை கேட்டுத் திருத்தும் வழக்கம் நின்றுவிடலாகாது. முன்னோர் நமக்கு வைத்துச் சென்ற செல்வம் அதுவே.