'ஒத்து ஊதுறான்', 'ஜால்ரா அடிக்கிறான்'... இந்த வார்த்தைகள் எங்கிருந்து வந்தன?

தலைவர் என்ன சொன்னாலும் ஆமாம் போடுபவரை 'ஒத்து ஊதுறாரு', 'ஜால்ரா அடிக்கிறாரு' என்கிறோம். இரண்டுமே இசையிலிருந்து வந்த வசவுகள். ஆனால் இசையில் இவை கேவலமான வேலைகள் இல்லை.

ஒத்து: நாதஸ்வரம் போன்ற நீண்ட குழல். விரல் வைத்து வாசிக்கும் துளைகள் இதில் இல்லை. காஞ்சிபுரம் போன்ற கோயில் நகரங்களில் சாமி புறப்பாட்டின்போது நாதஸ்வரக்காரர் ராகம் வாசிப்பார். ஒத்துக்காரர் ஒரே சுருதியை மூச்சு அறுபடாமல் ஊதிக்கொண்டே இருப்பார். அந்தச் சுருதியைப் பிடித்துத்தான் ராகமே நிற்கும்.

ஜால்ரா: பஜனையிலும் கதாகாலட்சேபத்திலும் ஒலிக்கும் கைத்தாளம். பாடுபவரை ஒட்டியே அடிக்க வேண்டும். அது பிசகினால் பாட்டும் தடுமாறும்.

பழைய பல்லவி: பாட்டின் முதல் பகுதி பல்லவி. அனுபல்லவி, சரணம் முடிந்ததும் பாடகர் அதற்கே திரும்புவார். அதனால்தான் சொன்னதையே சொல்பவரிடம் 'பழைய பல்லவியைப் பாடாதே' என்கிறோம். 'ராகம் தானம் பல்லவி'யிலோ ஒரே வரியை வெவ்வேறு காலங்களில் பாடிக் காட்டுவதுதான் வித்வானுக்குச் சோதனை. அதில் பேர் வாங்கியவர் காஞ்சிபுரம் நாயனா பிள்ளை (1889-1934). அதே ஊரில் பிறந்த டி.கே.பட்டம்மாளுக்கு 'பல்லவி பட்டம்மாள்' என்றே பெயர் வந்தது.

இன்று பல இடங்களில் ஒத்துக்காரர் இல்லை. சுருதிப் பெட்டிதான் ஒலிக்கிறது. விடிய விடிய மூச்சைக் கொடுத்தவர் போய்விட்டார். அவர் வேலையின் பெயர் மட்டும் வசவாக நம் வாயில் இருக்கிறது.