இழுப்பறையும் அரசாங்கமும்

என் எழுத்து மேஜையில் இடது பக்கம் ஓர் இழுப்பறை உண்டு. பாதியில் நின்றுபோன கதைகள், தபாலில் சேர்க்காமல் விட்ட இரண்டு மூன்று கோபக் கடிதங்கள், யாரை மனத்தில் வைத்து எழுதினேன் என்று வெளியே சொல்ல முடியாத சில குறிப்புகள் எல்லாம் அதில் கிடக்கின்றன. என் மனைவிகூட அதைத் திறப்பதில்லை. "அது உங்கள் குப்பைத்தொட்டி, எனக்கெதற்கு?" என்பாள். குப்பைதான், ஆனால் என் குப்பை! சர்க்கார் சேவகர்கள் நாலு பேர் வந்து அதை உடைத்தால் நான் என்ன செய்வேன் என்று யோசிக்கும்போதெல்லாம், லண்டனில் வாழ்ந்த ஓர் எழுத்தாளர் என் நினைவுக்கு வருவார்.

அவர் பெயர் ஜான் எண்டிக். பெரிய இலக்கிய மேதை அல்ல. அகராதி, சரித்திரம், பள்ளிப் புத்தகம் என்று எதையாவது எழுதிப் பிழைத்தவர். அன்றைய மந்திரி சபையைச் சாடி வந்த 'மானிட்டர்' என்ற பத்திரிகையிலும் அவர் கை இருந்தது. 1762-ஆம் வருஷம் நவம்பர் 11-ஆம் தேதி, ஸ்டெப்னியில் இருந்த அவர் வீட்டுக்குள் ராஜசேவகர்கள் நான்கு பேர் நுழைந்தார்கள். தலைமை வகித்தவர் காரிங்டன். கையில் மந்திரி ஹாலிபாக்ஸ் பிரபு கையெழுத்திட்ட வாரண்ட். எண்டிக்கையும் அவருடைய புத்தகங்களையும் காகிதங்களையும் பிடித்து வரவேண்டும் என்பது உத்தரவு. நான்கு மணி நேரம் வீட்டைக் குடைந்தார்கள். அறைகளையும் பெட்டிகளையும் உடைத்துத் திறந்து, அகப்பட்ட காகிதங்களை வாரிக்கொண்டு போனார்கள்.

எண்டிக் என்ன செய்தார் தெரியுமா? அந்த நாலு பேர் மேலும் வழக்குத் தொடுத்தார். அத்துமீறி வீட்டுக்குள் நுழைந்தார்கள் என்பது குற்றச்சாட்டு. அடுத்த வீட்டுக்காரன் வேலி தாண்டினால் என்ன வழக்கோ, அதே வழக்கு!

இதில் வேடிக்கை ஒன்று இருக்கிறது. காமன் லா என்று ஆங்கிலேயர் சொல்லும் சட்டம் ஒரே புத்தகமாக யாரும் எழுதி வைத்ததல்ல. வழக்கத்திலும் நீதிபதிகளின் தீர்ப்புகளிலும் கொஞ்சங் கொஞ்சமாக வளர்ந்தது. நான் சட்டக் கல்லூரி வாசலை மிதித்தவனல்ல. ஆனாலும் அதன் சாரம் எனக்குப் புரிகிறது. சாதாரண மனிதன் ஒரு காரியம் செய்தால், "இதைத் தடுக்கும் சட்டம் எங்கே?" என்று கேட்கவேண்டும். அதிகாரி ஒருவன் இன்னொருவன் வீட்டில் கால் வைத்தால், "இதை அனுமதிக்கும் சட்டம் எங்கே?" என்று கேட்கவேண்டும்.

காரிங்டன் தரப்பு வக்கீல்கள் மூன்று பதில்கள் வைத்திருந்தார்கள். இது நெடுநாள் வழக்கம். எத்தனையோ மந்திரிகள் இப்படி உத்தரவிட்டிருக்கிறார்கள், ஒருவரும் ஆட்சேபித்ததில்லை. ராஜ்யத்தின் பாதுகாப்புக்கு இது அவசியம். மூன்றும் நாம் கேட்டுப் பழகிய பதில்கள்தாம், அல்லவா?

1765-இல் தலைமை நீதிபதி காம்டன் பிரபு தீர்ப்புச் சொன்னார். அனுமதியின்றி ஒருவர் நிலத்தில் கால் வைத்தாலே, ஒரு சேதமும் ஆகாவிட்டாலும், அது அத்துமீறல்தான். நுழைந்தவன்தான் நியாயம் காட்டவேண்டும். அந்த நியாயம் சட்டப் புத்தகங்களில் இருந்தால் காட்டுங்கள். இல்லையென்றால் அது சட்டமே அல்ல. பயந்தவனும் ஏழையும் வாய் மூடியிருந்தது சம்மதமாகிவிடாது. ராஜ்யத்தின் அவசியம் என்ற வாதத்தைக் காமன் லா அறியாது. இப்படிப் போயிற்று தீர்ப்பு.

திருட்டுச் சொத்தைத் தேட வாரண்ட் கொடுப்பதில்லையா என்று கேட்கலாம். அதற்கும் காம்டன் விடை வைத்திருந்தார். அங்கே பொருளைப் பறிகொடுத்தவன் பிரமாணம் செய்து சொல்லவேண்டும். அவன் சொன்ன இடத்தில் அந்தப் பொருளைத்தான் தேடலாம். எண்டிக் வீட்டிலோ, குற்றம் ருசுவாகும் முன்பே, வீட்டிலுள்ள காகிதம் அத்தனையையும் அள்ளிக்கொண்டார்கள். ஜூரிகள் 300 பவுன் நஷ்டஈடு விதித்திருந்தார்கள். அது எண்டிக்குக்குக் கிடைத்தது.

போலீஸ் படை லண்டனில் உருவானது பிற்பாடு, 1829-இல். அதற்கும் இதே அளவுகோல்தான். கைதாகிறவனுக்குக் காரணம் சொல்லியாக வேண்டும் என்று 1947-இல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது.

இத்தோடு கதையை முடித்தால் மங்களமாக இருக்கும். ஆனால் இந்தக் கோட்டைக்கு ஓர் ஓட்டையும் உண்டு. 1979-இல் லண்டனில் பழம்பொருள் வியாபாரி ஒருவர், போலீஸார் தம் டெலிபோனை ஒட்டுக் கேட்டார்கள் என்று வழக்குப் போட்டார். நீதிபதி மெகாரி என்ன சொன்னார்? ஒட்டுக் கேட்டவர்கள் அவர் வீட்டில் கால் வைக்கவில்லை. கம்பி போகிற வழியில் கேட்டார்கள். அத்துமீறல் இல்லை, தடுக்கும் சட்டமும் இல்லை, ஆகவே தவறில்லை! குடிமகனைக் காக்கப் பிறந்த விதி அன்று போலீஸாருக்குக் குடை பிடித்தது. இதற்குச் சட்டம் தேவை என்று நீதிபதியே வருத்தத்தோடு சொன்னார். 1984-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அந்த வியாபாரியின் பக்கம் தீர்ப்பளித்தது; மறு வருஷம் பார்லிமெண்டு சட்டம் செய்தது.

நம் நாட்டிலும் 1962-இல் இப்படி ஒரு வழக்கு வந்தது. கரக் சிங் என்பவர் வீட்டுக் கதவை நள்ளிரவில் போலீஸார் தட்டி, ஆள் இருக்கிறானா என்று பார்த்துவந்தார்கள். அதற்கு ஆதாரம் போலீஸ் விதிகள் மட்டுமே. சட்டமன்றம் இயற்றிய சட்டம் அல்ல. சென்னையிலிருந்து சுப்ரீம் கோர்ட்டுக்குப் போன ராஜகோபால ஐயங்கார் பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதினார். அந்த இரவு வருகை செல்லாது என்றார். ஆனால் வெளியே நின்று வேவு பார்ப்பதை அன்று தடுக்கவில்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னது 2017-இல்.

எண்டிக்கிடம் திரும்பி வருகிறேன். சேவகர்கள் வந்தது 1762-இல். தீர்ப்பு வந்தது 1765-இல். அதற்குள் அவருடைய காகிதங்களை யார் யாரோ படித்து முடித்திருப்பார்கள். பூட்டை மாற்றிக்கொள்ள 300 பவுன் தாராளமாகப் போதும். பிறர் படித்துவிட்ட காகிதத்தைப் படிக்காததாக்க எந்தக் கோர்ட்டாலும் முடியாது. காகிதங்களின் ரகசியம் குலைந்தால் குற்றம் இன்னும் கனக்கிறது என்று காம்டனே சொல்லியிருக்கிறார்.

ஆகவேதான் வழக்கில் ஜெயிப்பதைவிட, கதவைத் தட்டும் நேரத்தில் "எந்தச் சட்டப்படி?" என்று கேட்கத் தெரிந்திருப்பது பெரிது என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த நேரத்தில் என் குரல் நடுங்காமல் எழுமா என்பது வேறு விஷயம். எண்டிக்குக்கும் அன்றைக்கு நடுங்கியிருக்கும். ஆனாலும் அவர் பிறகு கோர்ட்டுக்குப் போனார் பாருங்கள்!