ஏட்டையாவும் பட்டதாரியும்

சென்னை மாகாணத்தில் வரிவசூலின் பெயரால் குடிகள் வதைக்கப்பட்டதை விசாரித்த குழு 1855இல் அறிக்கை அளித்ததையடுத்து, காவல்பணி வருவாய்த் துறையின் பிடியிலிருந்து பிரிக்கப்பட்டு, 1859ஆம் ஆண்டின் 24ஆம் சட்டத்தால் தனித் துறையாயிற்று. மாகாணத்தின் மாவட்டங்களில் நிலையப் பொறுப்பு பெரும்பாலும் மக்கள் ஏட்டையா என்றழைத்த தலைமைக் காவலரிடமே இருந்தது. காவலராகச் சேர்ந்து, பணிமூப்பால் உயர்ந்து, குறிப்பேடு எழுதுமளவு படித்திருந்தவர் அவர்.

இந்த ஏற்பாட்டை மாற்றியது ஆண்ட்ரூ பிரேசர் தலைமையில் 1902–03இல் இயங்கிய காவல் ஆணையம். காவல்துறை திறமையற்றது, ஊழல் மலிந்தது என்று கடுமையாகக் கூறிய அவ்வாணையம், படித்தவர்களை உதவி ஆய்வாளர்களாக, அதாவது நிலையத்தை நடத்தும் அதிகாரிகளாக, நேரடியாகச் சேர்க்கப் பரிந்துரைத்ததோடு, காவலருக்கு ரோந்து, வழிக்காவல் போன்ற இயந்திரத்தனமான வேலைகளே போதும் என்றும் கருதியது. படிப்பு நேர்மையைத் தரும் என்ற அதன் நம்பிக்கை ஐயத்துக்குரியது. ஆனால் மேலே படித்தவர், கீழே படிக்காதவர் என்று அது கிழித்த கோடு நிலைத்துவிட்டது.

அதே காலத்தில் அமெரிக்காவின் பெர்க்லி நகரில் காவல் தலைவராயிருந்த ஆகஸ்ட் வால்மர், தெருவில் ரோந்து செல்பவரே கல்லூரி கண்டவராக இருக்கவேண்டும் என்று வாதிட்டு, 1908இல் காவல் பள்ளியொன்றைத் தொடங்கினார். அவர் தாம் தொடக்கப்பள்ளியைத் தாண்டாதவர் என்பது வேடிக்கை. இந்தியாவிலோ, காவலரின் பணி இயந்திரத்தனமானதன்று, நொடியில் முடிவெடுக்கும் விவேகம் வேண்டுவது என்று அரசு அமைப்பொன்று வலியுறுத்த 1977இல் அமைந்த தேசியக் காவல் ஆணையம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

பிரேசர் ஆணையம் கிழித்த கோட்டின் தடம் இன்றைய தமிழ்நாட்டு ஆள்சேர்ப்பிலும் தெரிகிறது. 1991இல் அமைந்த சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம், இரண்டாம் நிலைக் காவலருக்குப் பத்தாம் வகுப்பையும் உதவி ஆய்வாளருக்குப் பட்டத்தையும் குறைந்தபட்சத் தகுதியாகக் கேட்கிறது. கிறித்தவக் கல்லூரி 1937இல் தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்தும், எம்.ஐ.டி. பொறியியல் கல்லூரி 1949இல் குரோம்பேட்டையில் தொடங்கியும் கல்லூரிகள் பெருகிய சென்னைப் புறநகர்ப் பகுதியில், பட்டம் பெற்ற பின்னும் காவலர் தேர்வெழுதுவது புதுமையன்று. அவ்வாறு சேர்ந்தவருக்குப் பட்டம் பதவி உயர்வை விரைவுபடுத்துவதில்லை: நெடுங்காலம் நடப்பிலிருந்த விதிப்படி, 10 ஆண்டில் முதல்நிலைக் காவலர், 15இல் தலைமைக் காவலர், 25இல் சிறப்பு உதவி ஆய்வாளர் என்ற படிகளைப் பத்தாம் வகுப்போடு வந்தவரும் பொறியியல் பட்டதாரியும் ஒருங்கே ஏறினர். பட்டம் உதவுவது வேறு வழியில். உதவி ஆய்வாளர் நேரடித் தேர்வில் துறையினருக்கென ஒதுக்கப்படும் 20 விழுக்காட்டு இடங்களுக்குப் போட்டியிட அது வாயில் திறக்கிறது. பணிநேரம் வரையறையற்று நீளும் நிலையத்திலிருந்துகொண்டு அத்தேர்வுக்குப் படிக்க நேரம் கிடைப்பது பெரும்பாலும் மேலதிகாரியின் மனத்தைப் பொறுத்தது.